எத்தனை நடை?

நம் ஊரில் இணைய இணைப்பு விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் விற்கிறார்கள். 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ். வேகம் என்று போட்டாலும் அது குழாயின் அகலம். ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீர் கொட்டும் என்று சொல்லும்; திறந்த பிறகு முதல் சொட்டு எப்போது வந்து சேரும் என்று சொல்லாது. அந்த இரண்டாவது எண்ணுக்குப் பெயர் லேட்டன்சி. அதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. விளம்பரக்காரர்களை விட்டுவிடலாம், அவர்கள் பிழைப்பு அது. எனக்குச் சண்டை என் தொழில்காரர்களோடுதான், மென்பொருள் எழுதும் நம்மோடு.

ஆப் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம் வாயில் வரும் முதல் பதில், “உங்க நெட் ஸ்லோ சார்.” இரண்டாவது பதில், “சர்வர் அமெரிக்காவுல இருக்கு, அவ்வளவு தூரம், என்ன பண்றது?” முதல் பதில் சோம்பேறித்தனம். இரண்டாவது பதில் பொய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடி இழைக்குள் சுமார் 2 லட்சம்தான். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 200 கிலோமீட்டர். டேட்டா சென்டர்கள் குவிந்து கிடக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். போக 70 மில்லி செகண்ட், வர 70. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. கடலைச் சுற்றி, பல ஊர்களில் கரையேறி, ரவுட்டர் ரவுட்டராக மாறிப் போகிறது. நடைமுறையில் 200 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பெரிதாகக் குறைக்க நம்மால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 200 மில்லி செகண்ட் என்பது ஒரு கண் சிமிட்டல். தூரம்தான் காரணம் என்றால் திரையில் அந்தச் சக்கரம் ஏன் எட்டு நொடி சுற்றுகிறது?

தாலுகா ஆபீஸ் போனவர்களுக்கு இதன் விடை தெரியும். ஒரு சான்றிதழுக்காக முதல் நாள் போனால் ஃபார்ம் தருவார்கள். மறுநாள் போட்டோ எங்கே என்பார்கள். அதற்கடுத்த நாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். வீட்டிலிருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம் என்பதைவிட எத்தனை நடை அலைய விட்டார்கள் என்பதுதான் நம் வயிற்றெரிச்சல். நெட்வொர்க்கிலும் அதே கதைதான்.

பாதுகாப்பான இணைப்பு ஒன்றைத் திறக்க, பழைய முறையில், டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு நடை, டிஎல்எஸ் 1.2-க்கு இரண்டு நடை. “எனக்கு இது வேண்டும்” என்று கேட்பதற்கு முன்பே 600 மில்லி செகண்ட் காலி. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதில் ஒரு நடையை வெட்டியது. 2021-இல் தரமான க்விக், இரண்டு கைகுலுக்கலையும் ஒரே நடையில் முடித்தது. இவற்றை எழுதியவர்கள் ஒளியை வேகமாக ஓடச் சொல்லவில்லை. நடையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

இணைப்பு திறந்த பிறகும் டிசிபி எடுத்தவுடன் கொட்டிவிடாது. பொதுவாக முதலில் 10 பாக்கெட், சுமார் 14 கேபி. அது சேர்ந்ததாகத் தகவல் வந்தால் 28, பிறகு 56, பிறகு 112. 200 கேபி பக்கம் ஒன்று வந்து சேர நான்கு நடை, 800 மில்லி செகண்ட். உங்கள் வீட்டில் 1 ஜிபிபிஎஸ் இருந்தாலும் அதே நான்கு நடைதான். 1996-இல், டயல்-அப் மோடம் காலத்திலேயே, ஸ்டூவர்ட் செஷயர் இந்தத் தலைவலியைப் பற்றி எழுதிவிட்டார்: அகலத்தைக் கூட்டுவது எளிது, தாமதத்தைக் குறைப்பது அப்படி எளிதல்ல என்று. முப்பது வருடமாக நாம் அகலத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கிறோம்.

இதுவரை சொன்னது நெறிமுறைகளின் நடை. நம் கோடில் இருப்பது இதைவிட மோசம். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் அப்ளிகேஷன் மும்பையில், டேட்டாபேஸ் வர்ஜீனியாவில். ஒரு பக்கத்தைக் காட்ட 60 கேள்விகள், ஒன்றன் பின் ஒன்றாக. 60 நடை, 12 நொடி. மீட்டிங் போட்டார்கள். பெரிய சர்வர் வாங்கினார்கள். அப்போதும் 12 நொடிதான், ஏனென்றால் அந்த மெஷின் 12 நொடியும் சும்மா உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தது. 41-ஆவது கேள்விக்கு 40-ஆவதின் பதில் தேவையே இல்லை. மொத்தமாகக் கேட்டிருந்தால் ஒரே நடை.

ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? எழுதியவரின் லேப்டாப்பிலேயே டேட்டாபேஸும் இருந்தது. அங்கே ஒரு நடைக்கு ஒரு மில்லி செகண்ட்கூட ஆகாது. சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 60 நடை இலவசம். தூரத்தில் இருப்பவருக்கு ஒவ்வொன்றும் காசு. ஒரு நடையின் விலையை பூகோளம் நிர்ணயிக்கிறது. எத்தனை நடை என்பதை நாம் நிர்ணயிக்கிறோம், பில்லை மட்டும் தூரத்து ஊர்க்காரர் தலையில் கட்டுகிறோம்.

மில்லி செகண்டின் விலை தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. 2010-இல் ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் சிகாகோவிலிருந்து நியூ ஜெர்சிக்குப் பென்சில்வேனியா மலைகளை ஊடுருவி, முடிந்தவரை நேர்கோட்டில், 1,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டது. செலவு சுமார் 30 கோடி டாலர் என்றார்கள். போய்வர 13 மில்லி செகண்ட். பழைய பாதைகளைவிட மிச்சம் சில மில்லி செகண்டுகள். பங்குச் சந்தை வியாபாரிகளுக்காக. சில வருடங்களில் மைக்ரோவேவ் கோபுரங்கள் அதையும் முந்தின, காற்றில் ஒளிக்குக் கண்ணாடியின் தடை இல்லை என்பதால். அவர்கள் மலையைக் குடைந்தது தங்கள் பணம் போகிறது என்பதற்காக. நம் ஆப்பில் போவது அடுத்தவர் நேரம்.

“சிடிஎன் போட்டாச்சு, எல்லாம் பக்கத்துலயே இருக்கு” என்பார்கள். படத்துக்கும் ஸ்கிரிப்டுக்கும் சரி, நகலைப் பக்கத்தில் வைக்கலாம். வங்கி இருப்பும் ரயில் சீட்டும் அப்படி இல்லை. கடைசி உண்மை இருக்கும் இடத்தில் போய்த்தான் கேட்டாக வேண்டும். “சின்ன டீம், டெட்லைன், இதுக்கெல்லாம் நேரம் ஏது?” என்பார்கள். லினக்ஸில் நெட்வொர்க்குக்கு 200 மில்லி செகண்ட் செயற்கைத் தாமதம் சேர்க்க ஒரு வரிக் கட்டளை போதும். அதைப் போட்டுவிட்டு உங்கள் ஆப்பையே ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் கோடைத் திருத்த நேரம் தானாகக் கிடைக்கும்.

அடுத்த கோட் ரிவ்யூவில் பெயர் வைத்தது அழகா, கமா சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இதுக்கு எத்தனை நடை?” பதில் தெரியவில்லை என்றால் அந்தக் கோடை உள்ளே விடாதீர்கள்.