யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள்

எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றியதா, பழையதா என்று சொல்லும் சோதனை இருக்கிறதாம்; இனி யார் யாருக்குக் கொடுத்தார் என்று பிடித்துவிடலாமாம். கெலமங்கலத்தில் படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். "ஓசூர் கம்பெனிக்கு வந்த வெளியூர்ப் பையன்கள்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

அது 'அவிடிட்டி' சோதனை. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'அவிதிதே' என்றால் பேராசை. பொருத்தமான பெயர்தான். தொற்றிய புதிதில் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள் கிருமியைத் தளர்வாகப் பிடிக்கும். மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். யூரியா போன்ற ரசாயனத்தால் கழுவினால் தளர்ந்த பிடி விட்டுவிடும்.

ஆனால் மாத்திரையால் கிருமி அடங்கியிருந்தாலோ, நோய் முற்றியிருந்தாலோ, பழைய தொற்றும் புதியதாகத் தெரியலாம். தனி ஆளுக்குத் தேதி குறிக்க இது உதவாது. ஏராளமானோரின் ரத்தத்தைச் சோதித்து, ஒரு பகுதியில் நோய் இப்போது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிடவே உதவும். தபாலின் காகிதம் மஞ்சளாகியிருந்தால் பழையது என்று ஊகிக்கலாம். அனுப்பியவர் யாரென்று அதில் தெரியுமா?

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது பழி பாலியல் தொழிலாளிப் பெண்கள்மேல் விழுந்தது. இன்று வெளியூர்ப் பையன்கள்மேல். 2017-ம் ஆண்டுச் சட்டம் சம்மதமில்லாமல் சோதிப்பதையும், விவரத்தை வெளியிடுவதையும் பொதுவாகத் தடுக்கிறது. ஊர் வாய்க்கு எந்தச் சட்டம்?

பழிக்குப் பயந்து ஒருவன் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போகாவிட்டால், நஷ்டம் அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும்தான். யார் கொடுத்தது என்று கேட்பதை விடுங்கள். சோதித்துக்கொண்டாயா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள்.