வலியைப் பற்றியும் கேளுங்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், "மூட்டு எந்தக் கம்பெனி? எத்தனை வருஷம் உழைக்கும்? மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். "அன்றிரவு வலிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பவர் அபூர்வம். மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது என்பது என் கருத்து.

வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் இந்தச் சிகிச்சையில் மறுநாளே, சில இடங்களில் அன்றே, வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்கிறார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம். வலி பிடுங்கும்போது யார் எழுந்து நடப்பார்? மார்ஃபின் வகை மருந்து வலியைத் தணிக்கும். கூடவே குமட்டல், மலச்சிக்கல், வயதானவர்களுக்குச் சில சமயம் மனக்குழப்பமும் வரும்.

இதைக் குறைக்கத்தான் நரம்புத் தடை ஊசி. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, மூட்டின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளுக்கருகில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். பல மணி நேரம் தாங்கும். ரயில்வேயில் தண்டவாள வேலைக்காக ஒரு பகுதியில் மட்டும் போக்குவரத்தை நிறுத்துவதை 'பிளாக்' என்போம். டாக்டர்களும் இதை 'பிளாக்' என்றே சொல்கிறார்கள். எவ்வளவு தூரத்துக்கு பிளாக் என்பதில்தான் சாமர்த்தியம். தொடை நரம்பை முழுதாக மரக்கச் செய்தால் தசையின் பலமும் குறைந்து, எழுந்தவர் விழுந்துவிடக்கூடும். கனடா மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட 'பெங்' முறை, மூட்டுக்குப் போகும் சிறு கிளைகளை மட்டும் குறிவைக்கிறது. 2021-இல் வந்த 'ப்ராஸ்பெக்ட்' வழிகாட்டி, பாராசிட்டமால் போன்ற மருந்துகளோடு 'ஃபேசியா இலியாக்கா' என்ற தடை ஊசியையோ, மூட்டைச் சுற்றி மருந்து செலுத்துவதையோ பரிந்துரைத்தது. மார்ஃபின் வகை, அதற்கும் அடங்காத வலிக்கு மட்டுமே.

வலி அடியோடு போய்விடாது. இடுப்பு மூட்டுக்கு நரம்புகள் பல. ஊசியின் வேகம் இறங்குமுன் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு தங்கியிருக்கும் அம்மாவிடம் நர்ஸ் இந்தியில் வலியைப் பற்றிக் கேட்பார். அம்மா புரியாமல் தலையாட்டுவார். ஏட்டில் 'வலி இல்லை' என்று ஏறிவிடும். முதல் இரண்டு இரவுகளாவது, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கட்டும்.