மாட்டுக் கொட்டகைக்கு எந்த விசிறி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்போருக்கு இரண்டு கவலைகள் சேர்ந்து வருகின்றன. சங்கத்தில் ஊற்றும் பாலின் அளவு குறைகிறது. ஊற்றும் பாலிலும் கொழுப்புச் சத்தும் இதர சத்தும் குறைந்து விலை இறங்குகிறது. இதற்குப் பரிகாரமாக விவசாயிகள் பலர் கொட்டகையில் மின் விசிறி மாட்டத் தொடங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வீட்டில் பழசாகிப்போன மேசை விசிறியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ஓட்டுவதும் ஆங்காங்கே நடக்கிறது. மாட்டைக் குளிர்விக்க வந்த விசிறியே மாட்டுக்கும் மனிதருக்கும் எமனாக முடியக்கூடிய ஏற்பாடு இது. கொட்டகை விசிறிக்கு ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு பாதுகாப்புக்கே போக வேண்டும். மிச்சத்தில்தான் காற்று வாங்க வேண்டும்.

வெப்பம் வருத்தும் விதம்

பசுவின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். தீவனம் செரிக்கும்போதும் பால் சுரக்கும்போதும் உடலுக்குள் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்ற மாடு வியர்வையையும் மூச்சையும் நம்பியுள்ளது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உடல் சூடும் தணியாது. நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஜெர்சி, பிரீசியன் கலப்பினப் பசுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. பால் அதிகம் தரும் மாடே அதிகம் வருந்தும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலும் கறுப்பு. அதற்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்றை விஞ்ஞானிகள் பயன்படுத்துகின்றனர். அது 72-ஐத் தாண்டினால் கறவைப் பசு வெப்பத்தால் வருந்தத் தொடங்குகிறது என்பது பொதுவான அளவுகோல். பகலில் 38 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 45 சதவீத ஈரப்பதமும் இருந்தால் குறியீடு 88-ஐ ஒட்டி நிற்கும். இரவில் வெப்பம் 27 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 80 சதவீதமாக ஏறினால் அப்போதும் 78. அதாவது, புழுக்கமான கோடை இரவிலும் பசுவுக்கு ஓய்வில்லை. பொழுது சாய்ந்ததும் விசிறியை நிறுத்திவிடுவது தவறு. பகலில் தின்னாமல் விட்ட தீவனத்தை மாடு இரவில்தான் ஈடு செய்கிறது. அதற்கு இரவிலும் காற்று வேண்டும்.

மாடு வருந்துகிறதா என்று அறிய கருவி தேவையில்லை. அதன் விலாப்புறம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்திற்கு 60 மூச்சுக்கு மேல் போனால் வெப்ப அயர்ச்சி தொடங்கிவிட்டது; 80-ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும். இதை அசட்டை செய்தால் பால் குறைவதோடு நிற்காது. சினைப் பருவ அறிகுறி வெளியே தெரியாமல் போகும். ஊசி போட்டாலும் சினை பிடிக்காது. அடுத்த ஆண்டின் கன்றும் பாலும் அங்கேயே தவறிவிடுகின்றன.

முதலில் நிழலும் தண்ணீரும்

விசிறி வாங்கும் முன் கூரையைப் பார்க்க வேண்டும். தாழ்வான தகரம் அல்லது சிமெண்ட் அட்டைக் கூரையின் கீழ் விசிறி மாட்டினால், அது கூரையின் அனலையே மாட்டின் மீது வீசும். கூரையின் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது குறைந்த செலவில் நல்ல பலன் தரும். மேற்குப் பக்கம் வேம்பு, பூவரசு போன்ற மரங்களை வளர்க்கலாம். பக்கச் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பியிருந்தால், இடுப்பளவு விட்டு மேற்பகுதியைத் திறந்துவிட வேண்டும். நாள் முழுவதும் நிழலில் குடிநீர் இருக்க வேண்டும். கறவைப் பசு ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். இத்தனையும் செய்த பிறகே விசிறி.

விசிறியின் வகை

மூன்று வகை விசிறிகள் கடைகளில் கிடைக்கின்றன. முதலாவது வீட்டுக் கூரை விசிறி. இது நேர் கீழே மட்டும் வீசுவதால், ஒரு விசிறி இரண்டு மாடுகளுக்கே போதும். மின்செலவு குறைவு: 75 வாட் விசிறி 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். ஆனால் கூரை தாழ்ந்த கொட்டகையில் இதை மாட்டவே கூடாது. மாடு தலை நிமிர்த்தினால் கொம்பு தட்டும். வைக்கோல் சுமந்து வருபவரின் கையும் படும்.

இரண்டாவது, காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி. நான்கு புறமும் மூடிய கட்டடத்துக்கே இது ஏற்றது. திறந்த கொட்டகையில் பொருத்தினால் அருகிலுள்ள வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளும். மாட்டின் முதுகில் காற்றே படாது. விலை மலிவு என்று இதை வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

மூன்றாவது, சுவரிலோ தூணிலோ பொருத்திக் காற்றை நேராகச் செலுத்தும் விசிறி. சிறு விவசாயியின் கொட்டகைக்கு இதுவே பொருத்தம். விசிறியின் குறுக்களவைப் போல் சுமார் பத்து மடங்கு தூரத்துக்குப் பயனுள்ள காற்று செல்லும் என்பது நடைமுறைக் கணக்கு. 18 அங்குல விசிறிக்கு 15 அடி. 24 அங்குல விசிறிக்கு 20 அடி. மாடு ஒன்றுக்கு 4 அடி அகலம் என்றால், வரிசையாகக் கட்டிய ஐந்து மாடுகளுக்கு 24 அங்குல விசிறி ஒன்று போதும். அதற்கு மேல் மாடு இருந்தால் இரண்டாவது விசிறியை 20 அடி தள்ளி, அதே திசையில் வைக்க வேண்டும். எதிரெதிரே வைத்தால் ஒன்றின் காற்றை மற்றொன்று முறித்துவிடும்.

தரையிலிருந்து 8 அடி உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, இயற்கைக் காற்று வரும் திசையை ஒட்டியே பொருத்த வேண்டும். கடைசி மாட்டின் முதுகருகே மெல்லிய துணிக் கீற்று ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் அது நன்றாகப் படபடக்க வேண்டும். தொய்ந்து தொங்கினால் அங்கே காற்று எட்டவில்லை என்று பொருள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டு விசிறியின் மோட்டாரில் காற்றோட்டத்துக்காகத் துளைகள் இருக்கும். கொட்டகையில் அந்தத் துளைகள் வழியே வைக்கோல் தூசும், ஈரமும், சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாக் காற்றும் உள்ளே புகுகின்றன. தூசு படிந்த மோட்டார் சூடேறும். ஒரு நாள் பொறி பறக்கும். கீழே வைக்கோல், மேலே கீற்று என்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முழுவதும் மூடிய மோட்டார் உள்ள விசிறியையே கேட்டு வாங்க வேண்டும். பெயர்த் தகட்டில் ‘ஐ.பி. 55’ என்று இருந்தால், தூசுக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் மோட்டார் தாங்கும் என்று பொருள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். குழந்தையின் விரலும் கன்றின் வாலும் நுழையாத நெருக்கமான கம்பி வலை முன்னும் பின்னும் வேண்டும். அதிகச் சூட்டில் தானே நின்றுவிடும் அமைப்பு மோட்டாரில் இருந்தால் மிக நல்லது. மாலை நேரத்தில் மின் அழுத்தம் குறையும் ஊர்களில் மோட்டார் முனகிக்கொண்டு சூடேறுவது வழக்கம்.

காற்றோடு தண்ணீர்

வெளி வெப்பம் மாட்டின் உடல் வெப்பத்தை எட்டும் நண்பகலில் வெறும் விசிறியால் பலன் சிறிதே. அப்போது முதுகை நனைத்துப் பிறகு காற்று வீசச் செய்ய வேண்டும். ஈரம் உலரும்போதுதான் சூடு இறங்கும். இஸ்ரேல் நாட்டுப் பால் பண்ணைகளில் அரை நிமிடம் நனைத்து, நாலரை நிமிடம் காற்று வீசி, இதையே மாறி மாறிச் செய்து பசுக்களைக் குளிர்விக்கின்றனர். நம் விவசாயி அதற்கு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. குழாயோ குவளையோ கொண்டு தோல் நனையும்வரை ஊற்றி, விசிறியை ஓடவிட்டு, உலர்ந்ததும் மீண்டும் நனைக்கலாம். நண்பகலில் அரை மணி நேரம், பால் கறக்கும் முன் அரை மணி நேரம் செய்தாலே மாற்றம் தெரியும். தண்ணீர் மடிக்கு வழிந்து சேறாகக் கூடாது; மடி நோய்க்கு அது வழி. காற்றோட்டமில்லாத கொட்டகையில் பனிபோல் தூவும் தெளிப்பான் மட்டும் வைத்தால் புழுக்கம்தான் கூடும்.

எர்த் இல்லாமல் விசிறி வேண்டாம்

மாட்டின் உடல் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஈரத் தரையில் செருப்பில்லாத நான்கு கால்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நல்ல இடைவெளி. கழுத்தில் இரும்புச் சங்கிலி. மனிதனுக்குச் சுருக்கென்று படும் கசிவே மாட்டைச் சாய்த்துவிடலாம். துடிக்கும் மாட்டைப் பிடிக்க ஓடுபவரும் சேர்ந்து பலியாவார். அப்படி நேர்ந்தால் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அதுவரை மாட்டைத் தொடக் கூடாது.

விசிறிக்குத் தனி இணைப்பு, முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான் ஆகிய மூன்றும் கட்டாயம். எர்த் இருப்பதால் துண்டிப்பான் வேண்டாம் என்றோ, துண்டிப்பான் இருப்பதால் எர்த் வேண்டாம் என்றோ கருதக் கூடாது. துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒயர் முழுவதும் பி.வி.சி. குழாய்க்குள் செல்ல வேண்டும். எலி கடிக்கும், மாடு மெல்லும். டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றுகூடக் கூடாது. கீற்றுக் கொட்டகையில் மூங்கிலில் விசிறி மாட்டாமல் தனித்தூண் நட்டு, அது இரும்பாயின் அதற்கும் எர்த் கொடுக்க வேண்டும். வலையையும் இறக்கைகளையும் வாரம் ஒரு முறை, மின்சாரத்தை நிறுத்திய பின் துடைக்க வேண்டும்.

இத்தனை செலவா என்று மலைப்போர் உண்டு. கசிவுத் துண்டிப்பானின் விலை ஓரிரு மூட்டை மாட்டுத் தீவனத்தின் விலைக்குள் அடங்கும். மாட்டின் விலையோ பல மாதப் பால் பணம். பணம் பற்றாவிட்டால் விசிறியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, இந்த ஆண்டு கூரைக்குச் சுண்ணாம்பும் மாட்டுக்குத் தண்ணீரும் கொடுப்பதே விவேகம்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

தனி விவசாயி மீது மட்டும் இப்பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. கொட்டகைக்குக் கடன் வழங்கும் வங்கிகள், விசிறியின் ரசீதைக் கேட்பதுபோல் எர்த் சோதித்த சான்றையும் கேட்க வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் கோடைக்கு முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அமர்த்தி, உறுப்பினர்களின் கொட்டகைகளை வரிசையாகச் சோதிக்கச் செய்யலாம். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் நல்ல விசிறியும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அங்கும் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடமும் ஆலோசனை பெறலாம். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரியைக் காக்க வாரியம் அமைத்து அதன் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். கொட்டகைகளைக் காக்கச் சங்கம் கூடி முடிவெடுப்பது அவ்வூருக்குப் புதிதல்ல.

பங்குனி முடிவதற்குள் கூரை, தண்ணீர், எர்த், துண்டிப்பான், விசிறி என்ற இந்த வரிசையில் வேலையை முடித்துவிடும் விவசாயி கத்திரி வெயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை.