டால்பின் மொழிக்கு ஏஐ ரெடி... பறவையோடு பேசத் தெரிந்தவர்கள் ஏன் குறைகிறார்கள்?

2025 ஏப்ரலில் கூகுள் 'டால்பின்ஜெம்மா' என்ற ஏஐ மாடலை அறிமுகம் செய்தது. பஹாமாஸ் கடலில் 1985-ல் இருந்து டால்பின்களைப் பின்தொடர்ந்து வரும் ஒரு ஆய்வுக் குழு சேர்த்து வைத்த ஒலிப்பதிவுகளை வைத்துப் பயிற்றுவிக்கப்பட்டது. பிக்சல் போனிலேயே ஓடும் அளவுக்குச் சின்ன மாடல். அடுத்த மாதமே, டால்பின்களின் விசில் ஒலிகளை ஆராய்ந்த இன்னொரு குழுவுக்கு 1 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. 'விலங்குகளோடு பேசப் போகிறோம்' என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள்.

தொழில்நுட்பம் செம. ஆனால் இந்தச் செய்திகள் எல்லாமே, காட்டு உயிரினத்தோடு மனிதன் பேசுவது இனிமேல்தான் நடக்கப்போகிறது என்ற மாதிரி எழுதப்பட்டன. அது சரியில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு பறவையோடு மனிதர்கள் பல தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பறவையும் பதில் சொல்கிறது. இரண்டு பேருக்கும் அதில் லாபம் இருக்கிறது. இப்போது பிரச்னை என்னவென்றால், அந்தப் பேச்சு பல இடங்களில் நின்றுகொண்டே வருகிறது.

என்ன பறவை அது?

தேன்காட்டிப் பறவை. அறிவியல் பெயரே 'இண்டிகேட்டர் இண்டிகேட்டர்' தான், அதாவது 'காட்டிக் கொடுப்பது'. சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 50 கிராம் எடை. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். இதன் உணவில் முக்கியமானது தேன் மெழுகு. மெழுகைச் செரிக்கும் திறன் உள்ள உயிரினங்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று.

தேனீக்கூடு எங்கே இருக்கிறது என்று இந்தப் பறவைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கூடு பெரும்பாலும் மரப் பொந்துக்குள் இருக்கும். ஆப்பிரிக்கத் தேனீக்களோ கோபக்காரக் கூட்டம், கொட்டியே கொன்றுவிடும். மனிதனிடம் நெருப்பு இருக்கிறது, புகை இருக்கிறது, கோடரி இருக்கிறது. ஆனால் கூடு எங்கே என்றுதான் தெரியாது. அவனுக்குத் தேன், பறவைக்கு மெழுகும் புழுவும். டீல் அவ்வளவுதான்.

இது கட்டுக்கதை இல்லையா என்று சந்தேகம் வரலாம். 1588-ல், இன்றைய மொசாம்பிக்கில் உள்ள சோஃபாலாவில் இருந்த போர்ச்சுகீசிய பாதிரியார் ஜோவாவ் டாஸ் சாண்டோஸ், தேவாலயத்துக்குள் பறந்து வந்து மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்ற ஒரு பறவையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே பறவை ஆட்களைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போகும் என்பதையும் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகும் இதை நம்பாத அறிஞர்கள் இருந்தார்கள். கென்யாவைச் சேர்ந்த ஹுசைன் ஐசக்கும், ஹெய்ன்ஸ்-உல்ரிச் ரேயரும் 1989-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வுதான் அந்த வாதத்தை முடித்து வைத்தது.

வட கென்யாவின் போரன் மக்களோடு அவர்கள் அலைந்து கணக்கெடுத்தார்கள். பறவை உதவி இல்லாமல் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8.9 மணி நேரம் ஆனது. பறவையைப் பின்தொடர்ந்தால் 3.2 மணி நேரம். பறவைக்கு என்ன லாபம் என்றும் பார்த்தார்கள். கூடுகளில் 96 சதவீதம், மனிதர்கள் திறந்த பிறகுதான் பறவைக்கு எட்டும் நிலையில் இருந்தன.

மனிதன் கூப்பிட்டால் பறவை வருமா?

வரும். வடக்கு மொசாம்பிக்கில் நியாசா என்ற பிரமாண்டமான வனக் காப்பகம் இருக்கிறது. பரப்பளவு சுமார் 42,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே வாழும் யாவ் மக்கள் தேன் எடுக்கக் கிளம்பும்போது ஒரு தனி ஒலி எழுப்புவார்கள். நாக்கை உருட்டி நீளமாக ஒரு 'ப்ர்ர்ர்ர்', கடைசியில் சின்னதாக ஒரு 'ஹ்ம்'. வேறு எதற்கும் இந்த ஒலியைப் பயன்படுத்துவதில்லை. அப்பாவிடம் இருந்து பிள்ளை கற்றுக்கொள்வதுதான்.

பறவை இதைப் புரிந்துகொள்கிறதா, அல்லது சும்மா மனிதக் குரல் கேட்டதும் வருகிறதா? கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் என்ற உயிரியலாளரும், நியாசாவில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் கீத் பெக், கொலீன் பெக் இருவரும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. ஒலிப்பெருக்கியில் சில நேரம் 'ப்ர்ர்-ஹ்ம்', சில நேரம் மனிதர்களின் வேறு சத்தம், சில நேரம் ஒரு புறாவின் குரல் என்று ஒலிக்கவிட்டபடி காட்டில் நடந்தார்கள். மற்ற சத்தங்களுக்குப் பறவை வந்து வழிகாட்டும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம். 'ப்ர்ர்-ஹ்ம்' கேட்டால் 66 சதவீதம். கடைசியில் தேன்கூடு வரை போய்ச் சேரும் வாய்ப்பு 16-ல் இருந்து 54 சதவீதமாக உயர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இது பழக்கப்படுத்திய பறவை இல்லை. யாரும் கூண்டில் வைத்துத் தீனி போட்டுப் பயிற்சி கொடுக்கவில்லை. முழுக்க முழுக்கக் காட்டுப் பறவை.

ஊருக்கு ஊர் மொழி மாறுமா?

2023 டிசம்பரில் வந்த அடுத்த ஆய்வுதான் இதில் ஹைலைட். ஸ்பாட்டிஸ்வுட்டும் மானுடவியலாளர் பிரையன் வுட்டும் தான்சானியாவின் ஹட்ஸா மக்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஹட்ஸாக்கள் 'ப்ர்ர்-ஹ்ம்' சொல்வதில்லை, விசில் அடிக்கிறார்கள். ஆய்வாளர்கள் இரண்டு ஒலிகளையும் இரண்டு நாட்டிலும் ஒலிக்கவிட்டார்கள். தான்சானியப் பறவைகள் வெளியூர் ஒலியைவிட உள்ளூர் விசிலுக்கு மூன்று மடங்குக்கும் மேல் பதில் கொடுத்தன. மொசாம்பிக் பறவைகள் 'ப்ர்ர்-ஹ்ம்'முக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஏன் ஒரு ஊரில் விசில், ஒரு ஊரில் உறுமல்? ஹட்ஸாக்கள் வில் அம்போடு வேட்டைக்கும் போகிறவர்கள், விசில் பறவைக் குரல் மாதிரி இருப்பதால் இரை மிரளாது. யாவ் மக்கள் அங்கே வேட்டையாடுவதில்லை. 'இங்கே மனிதன் இருக்கிறான்' என்று யானைக்கும் சிங்கத்துக்கும் முன்கூட்டியே தெரிந்தால் அவர்களுக்கு நல்லதுதான். இது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, பறவை எப்படிக் கற்றுக்கொள்கிறது? அம்மா சொல்லிக்கொடுக்க வாய்ப்பே இல்லை. தேன்காட்டி நம்ம ஊர் குயில் மாதிரி, இன்னொரு பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் குஞ்சு, கொக்கி போன்ற அலகால் அந்த வீட்டுக் குஞ்சுகளைக் குத்திக் கொன்றுவிடும். (தேன் காட்டும் நல்ல பறவை என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும்.) மனிதனுக்கு வழிகாட்டும் உந்துதல் பிறவியிலேயே வருகிறது. ஆனால் எந்த ஒலிக்குப் போனால் மெழுகு கிடைக்கும் என்பதை அந்தந்த ஊரில் வளரும்போதுதான் கற்றுக்கொள்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சாப்பாட்டுப் பங்கீட்டிலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. யாவ் மக்கள் பறவைக்கு மெழுகை எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். ஹட்ஸாக்கள் பல நேரம் மிச்ச மெழுகைப் புதைத்தோ எரித்தோ விடுவார்கள், பறவை பசியோடு இருந்தால்தான் அடுத்த கூட்டையும் காட்டும் என்ற கணக்கு. 2014-ல் வந்த ஓர் ஆய்வின்படி, ஹட்ஸாக்களின் மொத்த உணவில் 8 முதல் 10 சதவீதம் இந்தப் பறவையின் உதவியோடு கிடைத்தது. ஆக, இது பாசக் கதை மட்டுமில்லை. கொஞ்சம் பேரமும் இருக்கிறது.

அப்புறம் ஏன் குறைகிறது?

தேன்காட்டி அழியும் நிலையில் இல்லை. ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கிறது. குறைவது பறவை அல்ல, அதோடு பேசும் வழக்கம்.

கடையில் சர்க்கரை மலிவாகக் கிடைக்கிறது. பெட்டியில் தேனீ வளர்த்தால் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. இளைஞர்கள் வேலைக்கு ஊரை விட்டுப் போகிறார்கள். இதோடு இன்னொரு காரணம், பல சரணாலயங்களில் தேன் எடுப்பதற்குத் தடை. தடைக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. புகை போடும் நெருப்பு காட்டுத்தீயாகலாம், கூட்டை எடுக்க மரத்தையே வெட்டுவதும் நடக்கிறது. ஆனால் காட்டைக் காப்பாற்ற மனிதனை வெளியே அனுப்பும்போது, அந்தக் காட்டுக்குள் இருந்த ஒரு உறவையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். இந்தக் கணக்கு எந்த வன மேலாண்மைத் திட்டத்திலும் முதல் பக்கத்தில் வருவதில்லை.

மனிதன் கூப்பிடுவதை நிறுத்தினால் பறவைக்கு அந்த ஒலி அர்த்தமில்லாத சத்தமாகிவிடும். பறவை வராவிட்டால் அடுத்த தலைமுறைப் பையனுக்குக் கூப்பிடவே காரணம் இருக்காது. இதைத் திரும்ப உருவாக்க ஒலிப்பதிவு மட்டும் போதாது. ஒலியைக் கேட்டு வரும் பறவைக்குக் கடைசியில் மெழுகு கிடைக்க வேண்டும், அதற்குத் தேன் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அதனால்தான் நியாசா முக்கியம். இந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் சில இடங்களில் அது ஒன்று. அங்கேயும் இப்போது நிலைமை சரியில்லை. 2025 ஏப்ரல் கடைசியில், ஐஎஸ் அமைப்போடு தொடர்புள்ள ஆயுதக்குழு காப்பகத்துக்குள் புகுந்து தாக்கியது. பெக் தம்பதியின் திட்டம் இயங்கும் மரிரி மையமும் தாக்கப்பட்டது, வனப் பாதுகாவலர்கள் கொல்லப்பட்டார்கள். காட்டுக்குள் போகவே பயப்படும் சூழலில் யார் தேன் எடுக்கப் போவார்கள்?

பிரேசிலிலும் இதே கதை

தெற்கு பிரேசிலில் லகுனா என்று ஒரு ஊர். அங்கே வீச்சு வலை போடும் மீனவர்களும் டால்பின்களும் சேர்ந்து மடவை மீன் பிடிக்கிறார்கள். சுமார் 140 ஆண்டுப் பழக்கம். தண்ணீர் கலங்கலாக இருக்கும், மீன் கண்ணுக்குத் தெரியாது. மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள். டால்பின்கள் மீன் கூட்டத்தை அவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, சட்டென்று ஒரு முங்கு முங்கும். அதுதான் சிக்னல். வலை விழுந்ததும் மீன் கூட்டம் சிதறும், சிதறும் மீன் டால்பினுக்கு.

2023-ல் மவுரீசியோ கான்டோர் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வின்படி, டால்பின் இருக்கும்போது மீன் சிக்கும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம். அதன் அசைவுக்குச் சரியாக வலை வீசினால் கிடைக்கும் மீன் கிட்டத்தட்ட 4 மடங்கு. மனிதர்களோடு சேர்ந்து வேட்டையாடும் டால்பின்கள் உயிர் பிழைக்கும் விகிதமும் 13 சதவீதம் கூடுதல். கரையோரம் இந்த மீனவர்கள் பக்கத்திலேயே இருப்பதால், வேறு இடங்களில் போடப்படும் சட்டவிரோத வலைகளில் அவை சிக்குவது குறைவு என்பது ஒரு காரணம்.

ஆனால் மடவை வரத்து குறைகிறது. சிக்னலைப் படிக்கப் பல ஆண்டு அனுபவம் வேண்டும், அதற்குப் பொறுமை உள்ள இளைஞர்கள் குறைகிறார்கள். இப்படியே போனால் இந்தக் கூட்டுவேட்டை மறைந்துவிடலாம் என்கிறது அதே ஆய்வு. சட்டவிரோத வலைகளைத் தடுப்பது, மடவைப் பிடிப்பை ஒழுங்குபடுத்துவது, இப்படிப் பிடித்த மீனுக்குக் கூடுதல் விலை கிடைக்கச் செய்வது என வழிகள் இருக்கின்றன. கூடுதல் விலைதான் வேலை செய்யும் என்று தோன்றுகிறது. கையில் காசு வந்தால்தான் அடுத்த தலைமுறை தண்ணீரில் வந்து நிற்கும்.

நின்று போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் துறைமுகம் உதாரணம். அங்கே ஓர்கா திமிங்கலங்கள் மனிதர்களோடு சேர்ந்து பெரிய திமிங்கலங்களை வேட்டையாடின. 'ஓல்ட் டாம்' என்ற ஓர்கா 1930-ல் செத்துக் கரை ஒதுங்கியதோடு அது முடிந்துபோனது. இப்போது அதன் எலும்புக்கூடு அந்த ஊர் மியூசியத்தில் நிற்கிறது.

தேன்காட்டி இந்தியாவில் இருக்கிறதா?

அதன் உறவுக்காரப் பறவை இருக்கிறது. இமயமலைப் பகுதியில் வாழும் மஞ்சள் பிட்டத் தேன்காட்டி, பாறை முகடுகளில் பெரிய தேனீக்கள் கட்டும் கூடுகளின் மெழுகைத் தின்று வாழ்கிறது. ஆண் பறவை ஒரு கூட்டைத் தன் வசம் வைத்துக்கொண்டு, மெழுகு தேடி வரும் பெண் பறவைகளோடு இணையும். ஆனால் அது மனிதர்களைக் கூட்டுக்கு அழைத்துப் போனதாக உறுதியான பதிவு எதுவும் இல்லை.