மூச்சுக்கும் எல்லை வகுப்பரோ?

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் அடுத்தடுத்து வெடித்தன. சனாதிபதி குழு அமைத்தார். வாயுவின் கலவையைப் பற்றிப் பாராளுமன்றம் பேசிற்று. தீயில் வெந்தவரின் தொண்டையைப் பற்றி நாமாவது பேசுவோம்.

மூடிய அறையில் தீப்பட்டவரை விரைந்து கொல்வது தோற்புண்ணன்று. அவர் உள்ளிழுத்த சூடும் புகையுமே. வைத்தியசாலைக்கு வரும்போது அவர் பேசுவார், தண்ணீர் கேட்பார். ஆனால் குரல் கரகரத்திருக்கும். மூக்கு மயிர் கருகியிருக்கும். சளியில் கரி கலந்திருக்கும். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கும். ஒரு நாள் வரையிலும் அவ்வீக்கம் ஏறும். அதற்கு முன்னரே மயக்கமருந்து நிபுணர் மூச்சுப்பாதையில் குழாயைச் செலுத்திவிட்டால் உயிர் காக்கலாம். வீங்கிய பின்னரோ, கைதேர்ந்தவருக்கும் வழி புலப்படாது. கழுத்தைக் கீறியே மூச்சுக்கு வாசல் திறக்க நேரும்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். தீக்காயப் பிரிவுள்ள கொழும்புத் தேசிய வைத்தியசாலையோ 300 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆகவே, நோயாளியை எங்கே அனுப்புவது என்பதன்று முதற் கேள்வி. மூச்சுக்கு வழி செய்துவிட்டு அனுப்புகிறோமா என்பதே. பாதி வழியில் தொண்டை அடைத்தால் அம்புலன்ஸ் சாரதி என் செய்வார்?

நம் நகரில் ஆதார வைத்தியசாலைகள் இரண்டு உள. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையை முஸ்லிம்களுடையதென்றும், கல்முனை வடக்கு வைத்தியசாலையைத் தமிழர்களுடையதென்றும் ஊர் பிரித்துப் பேசுகிறது. பிரதேச செயலக எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறோம். வழக்காடுவது என் தொழில். அதனை இழிவாகச் சொல்லேன். ஆனால் தீ எல்லை பார்த்துப் பற்றுவதில்லை. புகை இனம் கேட்டு நுழைவதுமில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து வைத்தியர் பலர் நாடு நீங்கினர். ஆள் அருகிய காலத்தில் பகிர்ந்துகொள்வதே அறிவு. இரு வைத்தியசாலைகளும் மயக்கமருந்து நிபுணருக்குப் பொதுவான இரவுக் கடமை முறையொன்றை வகுக்கட்டும். எந்த இரவிலும் ஒருவரேனும் இந்நகரில் இருத்தல் வேண்டும். அதற்கான ஆளணியைச் சுகாதார அமைச்சு உறுதி செய்யட்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமமென்கிறது. அச்சமத்துவம் கொழும்பு எல்லையோடு நின்றுவிடலாகாது.

நாம் கேட்பது சலுகையன்று, மூச்சு. அதனைக் கேட்கவேனும் இரு சமூகமும் ஒரே குரலில் எழுவோமாக!