தங்குவதற்கு ஓர் ஊர்



மாங்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 1990இல் படகேறிப் போன தம்பி தமிழ்நாட்டு முகாமொன்றில் இருக்கிறாராம். இரண்டு மாதம் போய் நின்று பார்த்துவர வேண்டும், ஆனால் கூட வர ஆளில்லை. "தனியே போகலாமா? போனால் எந்த ஊரில் தங்குவது?" என்று கேட்கிறார்.

தனியே போகலாம். நான் 2024ஆம் ஆண்டு தை மாதம் போய் எட்டுக் கிழமை நின்றேன். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஊரைத் தெரிவு செய்வதில் நானே முதலில் பிழை விடப் பார்த்தேன்.

எனக்கு அங்கே மூன்று அலுவல்கள் இருந்தன. ஒன்று, 2009இல் செல் துண்டு பட்ட என் இடது கண்ணை மதுரையில் காட்டுவது. இரண்டு, புதுக்கோட்டை மாவட்டத்து முகாமில் இருக்கும் தங்கச்சியோடு சில நாட்களாவது கழிப்பது. மூன்று, வேளாங்கண்ணிக்கு வைத்த நேர்த்தி. மச்சாள் ஒருவர் சென்னை வளசரவாக்கத்தில் இருப்பதால், "சென்னையிலேயே நில்லுங்கோ" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சம்மதித்துவிட்டேன்.

பிறகு மகனின் பழைய பாடசாலை அட்லஸை எடுத்து, போக வேண்டிய இடங்களுக்குப் பென்சிலால் புள்ளி வைத்தேன். எல்லாப் புள்ளியும் தெற்கே கிடந்தன. சென்னை மட்டும் வடக்கே தனியாக நின்றது. அங்கிருந்து தங்கச்சியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஓர் இரவுப் பயணம். புள்ளிகளின் நடுவே இருந்த ஊர் திருச்சி. புதுக்கோட்டைக்கு ஒன்றரை மணித்தியாலம், மதுரைக்கு ஏறக்குறைய 135 கிலோமீற்றர், வேளாங்கண்ணிக்கு 150 வரை. கொழும்பிலிருந்து நேரடி விமானமும் இருந்தது. ஒரு மணித்தியாலப் பறப்புத்தான்.

"கண்தானே முக்கியம், மதுரையில் நிற்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் மதுரைக்கு நான் போக வேண்டியது நான்கு முறை. தங்கச்சியிடம் போக நினைத்ததோ கிழமைக்கு இரண்டு முறை. மிக முக்கியமான இடத்துக்கு அருகில் தங்குவதைவிட, அடிக்கடி போகும் இடத்துக்கு அருகில் தங்குவதே உடம்புக்கும் காசுக்கும் நல்லது. கண் சத்திரசிகிச்சைக்கு மட்டும் மதுரையில் மூன்று இரவு நின்றேன். பெரிய பெட்டி திருச்சியிலேயே இருந்தது.

தங்கச்சிக்கு இது பிடிக்கவில்லை. "அக்கா, இஞ்சை நானிருக்க நீ ஏன் வாடகை குடுத்துத் தனியக் கிடக்கிறாய்?" என்று ரெலிபோனில் அழுதாள். முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் வெளியாள் இரவு தங்குவதற்கு இன்னும் அனுமதி வேண்டும். பதியாமல் நான் அவளோடு படுத்து எழும்பினால், கேள்வி வருவது எனக்கல்ல, அவளுக்கு. நான் திரும்பி வந்துவிடுவேன். அவள் அங்கேயே இருக்க வேண்டியவள். அதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப காலமை வெள்ளன வா, சமைச்சு வைக்கிறன்" என்றாள்.

இனி இரவு தங்கும் இடம். நான் முதலில் போன லொட்ஜில், தனியே வந்த பெண், அதுவும் இலங்கைக் கடவுச்சீட்டு என்றதும் இடமில்லை என்றுவிட்டார்கள். பெட்டியோடு வெளியே நின்றபோது, பழைய காலமெல்லாம் ஞாபகம் வந்து நெஞ்சு படபடத்தது. பிறகு அருட்சகோதரிகள் நடத்தும் மகளிர் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. ஆகவே, முதல் இரண்டு இரவுக்காவது இடத்தை இங்கிருந்தே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். இலங்கையர் என்பதையும் தனியே வருவதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பகலில் போய் இறங்குங்கள்.

வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் 24 மணித்தியாலத்துக்குள் அதைப் பதிய வேண்டும். உறவினர் வீட்டில் நின்றாலும் இதுதான் சட்டம். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லும் இடத்தில் நிற்க வேண்டாம். விசாவிலும் போகும் நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள். வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்குத் தனி விசா உண்டு. எத்தனை நாள் நிற்கலாம் என்பதை இரண்டு முறை வாசியுங்கள்.

ஒரே ஊரில் நிற்பதன் அருமை இரண்டாம் கிழமையில்தான் தெரிந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் எனக்குச் சீனி குறைத்துப் போடப் பழகிவிட்டார். மருந்துக் கடைப் பிள்ளை கண் துளி மருந்தை எடுத்து வைத்தாள். ஒருநாள் பஸ் பிந்தியபோது விடுதிச் சகோதரி கேற்றடியில் நின்றார். தனியே போகிறவளுக்கு, "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்க அந்த ஊரில் ஒருவராவது வேண்டும். அங்கே சாதாரண நகரப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. என்னிடம் ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

நான் வந்த பிறகு சில மாற்றங்கள். 2025 பங்குனியில் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் தொடங்கியது. அதே ஆண்டு திருச்சியின் தூர இடத்துப் பஸ்கள் பஞ்சப்பூர் புதிய நிலையத்துக்கு மாறின. காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் 2023இல் தொடங்கியது, ஆனால் மாரிக் கடலில் நிறுத்தி விடுவார்கள். புறப்படுமுன் விசாரியுங்கள்.

சகோதரிகளே, 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். 2008இல் மறுபடியும் ஓடினோம். எங்கே நிற்பது என்று செல் சொன்னது, பிறகு செட்டிகுளத்தில் கூடார இலக்கம் சொன்னது. எந்த ஊரில் நிற்கப் போகிறேன் என்று மேசையில் இருந்து, பென்சில் பிடித்து நானே முடிவு செய்தது அந்த ஐம்பத்தெட்டாவது வயதில்தான்.

மாங்குளத்துச் சகோதரியே, தம்பியின் முகாம் எங்கே என்று பார்த்து முதல் புள்ளியை வையுங்கள். மற்றப் புள்ளிகளையும் வைத்தபின் எனக்கு எழுதுங்கள். ஊரை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.