டாலர்ணாவுக்குச் செல்வோர் கவனத்திற்கு



ஐரோப்பியப் பயணம் என்றதும் பத்து நாளில் ஆறு நாடு என்னும் திட்டமே நம்மவர் பலருக்கு நினைவில் எழுகிறது. சுவீடனின் நடுப்பகுதியில் உள்ள டாலர்ணா வட்டாரத்தை அவ்வாறு பார்க்க எண்ணினால் பணம் செலவாகும், பயன் விளையாது என்பது என் கருத்து. அங்கே வானுயர்ந்த கட்டடங்கள் இல்லை. சில்யான் ஏரியும் அதனைச் சூழ்ந்த காடும் செந்நிறம் பூசிய மரவீடுகளுமே அதன் செல்வம். ஆகவே, லெக்சாண்ட், ரெட்விக், மூரா ஆகிய ஏரிக்கரை ஊர்களுள் ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரமேனும் அங்கேயே தங்குங்கள்.

ஸ்டாக்ஹோமிலிருந்து மூராவுக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சிற்றூர்ப் பேருந்துகள் வார இறுதியில் குறைவு. கால அட்டவணையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மகிழுந்து ஓட்டுவோர் சாலையின் வலப்பக்கம் செல்ல வேண்டும். சுவீடனும் ஒருகாலத்தில் நம்மைப் போல் இடப்பக்கமே ஓட்டிய நாடுதான். 1967 செப்டம்பர் 3ஆம் நாள் ஒரே நாளில் மாறிக்கொண்டது. அங்குப் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் பெரிய காட்டுமான்கள் சாலையைக் கடக்கும். அப்போது விரைந்து ஓட்டாதீர்கள். பல கடைகள் ரொக்கத்தை ஏற்பதில்லை என்பதால் வங்கி அட்டை கட்டாயம் தேவை.

கோடைநடு விழாவின் முதன்மை நாள் ஜூன் 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமையில் வரும். அதனைக் காண விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்பே அறை பதிவு செய்தல் நலம். அன்று கடைகள் பல அடைத்திருக்கும். உணவை முன்னதாக வாங்கி வையுங்கள். அக்காலத்தில் இரவு முழுமையாக இருளாது. கண்மறைப்புத் துணி உதவும். கொசு விரட்டும் மருந்தும் வேண்டும்.

ஃபாலுன் செப்புச் சுரங்கத்தைத் தவறவிடாதீர்கள். 1992இல் மூடப்பட்ட அச்சுரங்கம், 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள வீடுகளின் செந்நிறச் சாயம் இச்சுரங்கத்தின் மண்ணிலிருந்து பிறந்ததே. கோடையிலும் உள்ளே 5 பாகை செல்சியசு அளவே வெப்பம் இருக்கும். குளிராடை எடுத்துச் செல்க.

இவை அனைத்தையும்விட நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. சுவீடனில் 'எல்லா மனிதருக்கும் உரிய உரிமை' என்றொரு வழக்கம் உண்டு. பிறர் நிலத்திலும் நடக்கலாம்; வீடுகளுக்கு எட்டத்தில் ஓரிரவு கூடாரமிடலாம்; காட்டில் விளையும் சிறுபழங்களையும் காளானையும் பறிக்கலாம். 1994 முதல் அரசியலமைப்பிலும் இது குறிக்கப்பெற்றுள்ளது. 'நுழையாதீர்' பலகைகளைக் கண்டே பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்.

ஆனால், 'இடையூறு செய்யாதே, அழிக்காதே' என்பதே இவ்வுரிமையின் விலை. வீட்டு முற்றத்தில் நுழைதல், விளைநிலத்தை மிதித்தல், மரக்கிளையை ஒடித்தல், குப்பையை விட்டுச் செல்லுதல் ஆகியவை இதில் அடங்கா. காட்டு ஆர்க்கிட் மலர்கள் சட்டத்தால் காக்கப்படுபவை; பறிக்கலாகாது. மீன்பிடிக்கத் தனி அனுமதி தேவை. கோடையில் தீ மூட்டத் தடை உள்ளதா என்று நாள்தோறும் கேட்டறியுங்கள். 2018 கோடையில் சுவீடனின் காடுகள் பெருந்தீக்கு இரையானதை நாம் மறத்தல் ஆகாது.

காவலர் நின்று காக்கும் உரிமையன்று இது, நம்பிக்கையால் நிற்பது. வருவோரெல்லாம் இலவசமென்று எண்ணி நடந்தால், நிலத்துக்குரியோர் ஒருநாள் வேலி கேட்பர். அவ்வேலியால் இழப்பு நமக்கு மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் நடந்துவரும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும்தான். பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், இந்த ஒழுக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.

பயணம் இனிதாகுக!